'ரைசிங் சன்' முன்னிசை தடுமாறுகிறதா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யுங்கள்

நாலு கார்ட் பிடிக்கப் பழகியதும் கிடார் கற்பவர்கள் அடுத்துக் கேட்பது பெரும்பாலும் 'ஹவுஸ் ஆஃப் தி ரைசிங் சன்' முன்னிசையைத்தான். யார் கட்டியது என்றே தெரியாத அமெரிக்க நாட்டார் பாட்டு. ஐந்தே கார்ட், ஒரே விரல் வரிசை. இவ்வளவு எளிதாகத் தெரிவது வரவில்லை என்றதும் புதுக் கம்பி, புது கேப்போ (கழுத்தில் மாட்டிக் கம்பிகளை அழுத்தும் கவ்வி), கடைசியில் புது கிடார் என்று செலவுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். சொல்லிக்கொடுக்கும்போது திரும்பத் திரும்ப வரும் புகார்களை இங்கே பிரித்து வைத்திருக்கிறேன். உங்கள் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். காசில்லாமல் தீர்வது முதலில் வரும், கிடார் பட்டறைக்குப் போக வேண்டியது கடைசியில்.

நான் எடுத்துக்கொள்ளும் வடிவம் இது. கார்ட் வரிசை: ஏ மைனர், சி, டி, எஃப், ஏ மைனர், இ, ஏ மைனர், இ. ஒவ்வொன்றுக்கும் ஆறு எண்ணிக்கை. முதல் எண்ணிக்கையில் கட்டைவிரல் ஒரு தடித்த கம்பியை மீட்டும். பிறகு ஆள்காட்டி விரல் 3-ஆம் கம்பி, நடுவிரல் 2, மோதிர விரல் 1, திரும்ப நடுவிரல் 2, ஆள்காட்டி 3. வாயால் சொன்னால் 'தகிட தகிட'. மெல்லிய கம்பிதான் 1, தடித்தது 6. இடது கைப் பழக்கம் உள்ளவர்கள் நான் வலது என்று சொல்வதை இடது என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

எந்த அறிகுறியானாலும் முதலில் ட்யூனரை எடுங்கள். போனில் உள்ள ட்யூனர் ஆப்பில் ஏ ஸ்வரத்தின் அளவு 440 ஹெர்ட்ஸில் இருக்கிறதா என்று பாருங்கள். தெரியாமல் கை பட்டு 432-க்கு மாறியிருந்தால் தனியாக வாசிக்கும்போது ஒன்றும் தெரியாது, பாட்டோடு சேர்ந்து வாசிக்கும்போது எதுவும் ஒட்டாது. 5-ஆம் கம்பி திறந்த நிலையில் (இடது விரல் எதுவும் அழுத்தாமல்) 110 ஹெர்ட்ஸ் காட்ட வேண்டும்.

## கட்டைவிரல் தப்பான கம்பியில் விழுகிறது

முதலில் எந்தக் கையின் கோளாறு என்று பிரிக்க வேண்டும். இடது கையைக் கம்பிகள் மேல் லேசாகப் படுக்கவைத்து ஒலியை அடக்குங்கள். இப்போது வலது கை மட்டும் முழு வரிசையையும் வாசிக்கட்டும். தவறாமல் வந்தால் வலது கையில் குறையில்லை, கார்ட் மாற்றம்தான் அதைக் குழப்புகிறது. 'கார்ட் மாறும் இடத்தில் நின்றுவிடுகிறது' என்ற தலைப்புக்குப் போங்கள். இதிலும் தவறினால் மேலே படியுங்கள்.

எண் மனப்பாடமாகவில்லை. பத்தில் ஒன்பது பேருக்கு இதுதான். கட்டைவிரலின் பாதை 5, 5, 4, 4, 5, 6, 5, 6. கிடாரைக் கீழே வைத்துவிட்டு 'அஞ்சு, அஞ்சு, நாலு, நாலு, அஞ்சு, ஆறு, அஞ்சு, ஆறு' என்று தாளத்தோடு உரக்கச் சொல்லுங்கள். பஸ்ஸிலும் சொல்லலாம். வாய்க்கு வராத வரிசை விரலுக்கும் வராது.

காது ஏமாற்றுகிறது. டி கார்டில் 4-க்குப் பதிலாக 5-ஆம் கம்பியைத் தட்டினாலும் ஒலி கெடாது, ஏனென்றால் அந்த ஸ்வரம் டி கார்டுக்குள்ளேயே இருக்கிறது. அதனால் தப்பு தெரியாமலே பழகிவிடும். ஆனால் டி கார்டில் 6-ஆம் கம்பியைத் திறந்து தட்டினால் அடி கலங்கிப்போகும், எஃப் கார்டில் இன்னும் மோசம். எஃப் மட்டும் அழுக்காகக் கேட்கிறது என்று சொல்பவர்கள் இடது கையைச் சந்தேகிக்கும் முன், கட்டைவிரல் எங்கே விழுகிறது என்று குனிந்து பாருங்கள்.

கை மிதக்கிறது. ஒவ்வொரு கட்டைவிரல் அடிக்கும் மணிக்கட்டு துள்ளினால் கம்பிக்குக் கம்பி தூரம் மாறிக்கொண்டே இருக்கும். மற்ற மூன்று விரல்களையும் 3, 2, 1 கம்பிகள் மேல் சும்மா வைத்துவிட்டுக் கட்டைவிரலை மட்டும் அசைத்துப் பாருங்கள். புறங்கை அசையக் கூடாது. கட்டைவிரல் ஆள்காட்டி விரலுக்கு முன்னால், ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடு) பலகை இருக்கும் பக்கமாக நீண்டிருக்க வேண்டும். உள்ளங்கைக்குள் மடங்கியிருந்தால் இரண்டும் மோதும்.

## நிற்காமல் போகிறது, ஆனால் தாளம் நொண்டுகிறது

போனில் பதிவு செய்து, கிடாரைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள். வாசிக்கும்போது காது பொய் சொல்லும். பதிவோடு சேர்த்துக் கை தட்டிப் பாருங்கள். முதல் எண்ணிக்கையிலும் நாலாவதிலும் கை விழ வேண்டும்.

கை மூன்று இடத்தில் விழுகிறது என்றால் நீங்கள் ஆறை இரண்டிரண்டாகப் பிரிக்கிறீர்கள். 'தக தக தக' என்று வாசிக்கிறீர்கள், பாட்டு 'தகிட தகிட' கேட்கிறது. விரல் வரிசை ஒன்றுதான், அழுத்தம் மட்டும் இடம் மாறியிருக்கிறது. சொல்லிக்கொண்டே வாசித்தால் பெரும்பாலும் அன்றைக்கே சரியாகிவிடும். மிருதங்கமோ தவிலோ கொஞ்சம் பழகியவர்கள் இந்தப் புகாரோடு வருவதில்லை.

அழுத்தம் சரி, இரண்டாவது 'த' மட்டும் தாமதமாகவோ மெலிந்தோ வருகிறது என்றால் குற்றவாளி மோதிர விரல். இந்த வரிசையில் இருக்கும் சிக்கலே இதுதான். ஆறு எண்ணிக்கையில் இரண்டாவது பலமான இடம், கையிலேயே சுதந்திரம் குறைந்த விரலிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. மோதிர விரலைத் தனியாக மடக்கிப் பாருங்கள், நடுவிரலும் கூடவே இழுபடும். அதனால் நடுவில் இருக்கும் கி, ட இரண்டையும் எடுத்துவிட்டு, கட்டைவிரலும் மோதிர விரலும் மட்டும் வாசியுங்கள்: த, இரண்டு எண்ணிக்கை சும்மா, த, இரண்டு எண்ணிக்கை சும்மா. இரண்டு ஒலியும் ஒரே கனத்தில் வந்தபிறகு ஆள்காட்டி விரலைச் சேருங்கள், அப்புறம் நடுவிரல். எல்லா விரலையும் ஒன்றாக வைத்து வேகத்தைக் குறைத்துப் பழகுவதைவிட இது சீக்கிரம் பலன் தரும் என்பது என் கட்சி.

மூன்றாவது வகை, போகும்போது சரியாகப் போய் திரும்பும்போது ஓடுவது. கடைசி இரண்டு எண்ணிக்கை அவசரப்படும், ஏனென்றால் மனம் அடுத்த கார்டுக்குப் போய்விட்டது. மெட்ரோனோமை 40-இல் வைத்து ஒரு தகிடவுக்கு ஒரு தட்டு என்று எடுங்கள். ஒரு ஸ்வரத்துக்கு அரை நொடி வரும். அலுப்பாகத்தான் இருக்கும். எட்டு கார்டும் தவறாமல் வந்தால் மட்டும் 44-க்குப் போங்கள்.

இவ்வளவும் செய்து சில வாரம் ஆகியும் மோதிர விரல் பின்தங்கினால் தெரிந்த ஆசிரியர் ஒருவரிடம் ஒரே ஒரு வகுப்பு எடுத்துக்கொள்ளுங்கள். கை வைக்கும் கோணத்தை நேரில் பார்ப்பவர் கண்டுபிடிப்பதை வீடியோ கண்டுபிடிக்காது.

## கார்ட் மாறும் இடத்தில் நின்றுவிடுகிறது

எங்கே நிற்கிறது என்பதை முதலில் பிடியுங்கள். விரல் வரிசையை விட்டுவிட்டு, ஒவ்வொரு கார்டுக்கும் கட்டைவிரல் அடி ஒன்று மட்டும் அடித்து எட்டையும் கடந்துபோங்கள். இதிலும் நிற்கிற மாற்றம் எதுவோ அதுதான் நோய்.

எல்லா இடத்திலும் நின்றால் காரணம் ஒன்றே. விரல்கள் எல்லாம் ஒன்றாக வந்து உட்கார்ந்த பிறகே மீட்டுவேன் என்று காத்திருக்கிறீர்கள். எல்லாக் கம்பியையும் ஒரே வீச்சில் அடித்து வாசிக்கும்போது அது தேவை, இங்கே தேவையில்லை. கம்பிகள் ஒவ்வொன்றாகத்தான் ஒலிக்கின்றன. 1-ஆம் கம்பி நாலாவது எண்ணிக்கையில்தான் வரும். அதை அழுத்தும் விரலுக்கு மூன்று எண்ணிக்கை அவகாசம் இருக்கிறது. எந்தக் கம்பி முதலில் ஒலிக்குமோ அந்த விரல் முதலில் போகட்டும்.

ஏ மைனரிலிருந்து சி. எளிய மாற்றம் என்று எல்லாரும் சொல்வார்கள். இடது கையின் மோதிர விரல் ஒன்றுதான் நகர்கிறது, உண்மை. ஆனால் ஏ மைனரின் கடைசி ஸ்வரத்தை 3-ஆம் கம்பியில் பிடித்திருப்பது அதே மோதிர விரல், அடுத்த நொடியே 5-ஆம் கம்பி 3-ஆம் ஃப்ரெட்டில் சி கார்டின் முதல் ஸ்வரத்துக்கும் அதுதான் வேண்டும். இரண்டுக்கும் நடுவே இடைவெளியே இல்லை. இதற்கு ஒரு வழி உண்டு. ஆறாவது எண்ணிக்கையில் விரலை எடுத்துவிட்டு 3-ஆம் கம்பியைத் திறந்தே மீட்டுங்கள். ஜி ஸ்வரம் வரும், சி-க்கு அழகாகக் கொண்டுபோய் விடும், விரலுக்கும் ஒரு எண்ணிக்கை கிடைக்கும்.

சி-யிலிருந்து டி. பொது விரல் எதுவும் இல்லை, பயமுறுத்தும். ஆனால் சி கார்டில் 3-ஆம் கம்பி திறந்த கம்பி, ஆகவே ஆறாவது எண்ணிக்கைக்கு இடது கையே வேண்டாம். அப்போதே கிளம்பிவிடலாம். டி-யின் முதல் ஸ்வரமும் திறந்த 4-ஆம் கம்பி. ஆக இரண்டு எண்ணிக்கை முழுக்க இடது கைக்கு ஓய்வு. பிறகு ஒலிக்கும் வரிசையிலேயே ஆள்காட்டி 3-ஆம் கம்பியில், மோதிர விரல் 2-இல், நடுவிரல் 1-இல் என்று ஒவ்வொன்றாக இறங்கட்டும்.

டி-யிலிருந்து எஃப். இங்கேதான் அதிகம் பேர் நிற்கிறார்கள். ஒரே விரலால் ஆறு கம்பியையும் அழுத்தும் முழு பாரே எஃப் வேண்டாம். இந்த முன்னிசைக்கு நாலு கம்பி எஃப் போதும். 4-ஆம் கம்பி 3-ஆம் ஃப்ரெட்டில் மோதிர விரல், 3-ஆம் கம்பி 2-இல் நடுவிரல், 2, 1 இரண்டையும் முதல் ஃப்ரெட்டில் ஆள்காட்டி படுத்துப் பிடிக்கிறது. டி-யில் மோதிர விரல் பிடித்திருக்கும் 2-ஆம் கம்பி ஐந்தாவது எண்ணிக்கையில் ஒலித்து முடிந்துவிடுகிறது. ஆறாவதை ஆள்காட்டி விரல் பார்த்துக்கொள்ளும். அந்த ஆறாவது எண்ணிக்கையில் மோதிர விரல் அதே 3-ஆம் ஃப்ரெட்டில் இரண்டு கம்பி தாண்டி 4-க்குப் போய் எஃப்-இன் அடி ஸ்வரத்தில் காத்திருக்கலாம். இந்த ஒரு நகர்வை மட்டும், டி-யின் ஐந்து, ஆறு, எஃப்-இன் ஒன்று என்று மூன்று எண்ணிக்கையாக வெட்டி எடுத்துப் பழகுங்கள்.

இ கார்ட். கவலை வேண்டாம். இந்த வரிசையில் ஒலிக்கும் நாலு கம்பியில் அழுத்த வேண்டியது ஒன்றுதான், 3-ஆம் கம்பி முதல் ஃப்ரெட். மற்ற விரல்கள் தாமதமானால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

எஃப்-இல் எவ்வளவு அழுத்தினாலும் 1-ஆம் கம்பி ஒலிக்கவே இல்லையா? கேப்போவை முதல் ஃப்ரெட்டில் மாட்டி, அதே எஃப் வடிவத்தை ஒரு ஃப்ரெட் தள்ளிப் பிடியுங்கள். திடீரென்று எளிதாகிவிட்டால் குறை விரலில் இல்லை, கழுத்தின் உச்சியில் கம்பிகளைத் தாங்கும் நட்டில் கம்பி உட்காரும் வெட்டு ஆழம் போதவில்லை. உறுதிப்படுத்த, ஒரு கம்பியை 3-ஆம் ஃப்ரெட்டில் அழுத்திக்கொண்டு முதல் ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே பாருங்கள். மயிரிழை இடைவெளிதான் இருக்க வேண்டும், தெளிவாகக் கண்ணுக்குத் தெரிந்தால் அதிகம். இது பட்டறை வேலை. வீட்டில் இருக்கும் அரம் எடுத்துத் தேய்க்காதீர்கள். கூடுதலாகத் தேய்த்த நட்டைத் தூக்கிப்போட வேண்டியதுதான். விலை குறைந்த புது கிடார்களில் இது சர்வ சாதாரணம். எஃப் வரவில்லை என்று கிடாரையே மூட்டை கட்டியவர்களில் எத்தனை பேருக்கு இதுதான் காரணமோ.

## கர்ர் என்று அதிர்கிறது

எங்கே அதிர்கிறது என்பதுதான் எல்லாமே.

விரலை நகர்த்தினால் போய்விடுகிறதா? ஃப்ரெட் கம்பிக்கு ஒட்டினாற்போல், அதற்குச் சற்றுப் பின்னால் அழுத்துங்கள். முடிந்தது.

கட்டைவிரல் அடியில் மட்டுமா? கம்பியைக் கொக்கிபோல மேலே இழுத்து விடுகிறீர்கள், அது திரும்பி வந்து ஃப்ரெட்டில் அறைகிறது. குறுக்காகத் தள்ளிவிடுங்கள், தூக்காதீர்கள்.

எந்தக் கம்பியை மீட்டினாலும் எங்கோ ஒரு கிணுகிணுப்பா? கிடாரில் ஒன்றுமில்லாமல் இருக்கலாம். தலைப் பகுதியில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி மிச்சம், தளர்ந்த ட்யூனிங் சாவியின் திருகு, சட்டைப் பொத்தான், மேசையில் இருக்கும் எவர்சில்வர் டம்ளர் வரை பாருங்கள்.

திறந்த கம்பியில் மட்டும் அதிர்ந்து, அழுத்தினால் சுத்தமாக இருக்கிறதா? நட்டில் அந்தக் கம்பியின் வெட்டு தேய்ந்து ஆழமாகியிருக்கும். பட்டறை.

முதல் நாலு ஃப்ரெட்டில் எங்கே அழுத்தினாலும் அதிர்கிறதா? 6-ஆம் கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் 14-ஆம் ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்தி, 7-ஆம் ஃப்ரெட் பக்கம் பாருங்கள். கால் மில்லிமீட்டர் அளவுக்கு, ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவுக்கு இடைவெளி வேண்டும். கம்பி படுத்திருந்தால் கழுத்து நிமிர்ந்துவிட்டது, கழுத்துக்குள்ளே இருக்கும் உலோகத் தண்டான டிரஸ் ராடைத் தளர்த்த வேண்டும். கால் திருப்பு வேலைதான், ஆனால் பழக்கமில்லாமல் ஆலன் சாவி போட்டால் மரையைக் கெடுத்துவிடுவீர்கள். கொடுத்துச் செய்யுங்கள். ஏசி அறையில் வெளியே வைத்தே இருக்கும் கிடாருக்கு மரம் காய்ந்து இப்படி ஆவதுண்டு. வாசிக்காத நேரம் பெட்டிக்குள் வையுங்கள்.

ஒரே கம்பியில் ஒரே இடத்தில் மட்டும் என்றால் அடுத்த ஃப்ரெட் எழும்பியிருக்கலாம். அதுவும் பட்டறைதான்.

## பதிவில் கேட்பதுபோல் ஒலிக்கவில்லை

எந்தப் பதிவு? பாட்டு 1933-லேயே இசைத்தட்டில் வந்துவிட்டது. உலகம் முழுக்கத் தெரிந்த கிடார் ஒலி, தி அனிமல்ஸ் குழுவின் 1964 பதிவில் இருப்பது. அது எலக்ட்ரிக் கிடார், அந்தக் குழுவின் ஹில்டன் வாலண்டைன் பிக் (கம்பியை மீட்டும் சிறு தகடு) வைத்து வாசித்தது. அந்தக் கூர்மையை அக்கூஸ்டிக் கிடாரில் விரலால் எடுக்க முயன்றால் நகம்தான் உடையும். ஒப்பிடுவதை விடுங்கள்.

அதைத் தள்ளிவிட்டும் ஒலி மொட்டையாக இருந்தால் கம்பியைத் தடவிப் பாருங்கள். கருத்து, ஃப்ரெட் படும் இடத்தில் விரலுக்குச் சொரசொரப்பாகத் தட்டுப்பட்டால் அதன் ஆயுள் முடிந்தது. கடலோர ஊர்களில் உப்புக் காற்றும் வியர்வையும் சேர்ந்து சீக்கிரம் தின்றுவிடும். வாசித்து முடித்ததும் பருத்தித் துணியால் துடைத்தால் கொஞ்ச நாள் கூட வரும். புதிது வாங்கும்போது 12-53 (1-ஆம், 6-ஆம் கம்பிகளின் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) சாதாரணம். விரல் இன்னும் பழகவில்லை என்றால் 10-47 மெல்லிய செட், அழுத்தவும் எளிது. சில நூறு ரூபாய் செலவு.

கீறல் ஒலியென்றால் நகத்தைப் பாருங்கள். உள்ளங்கைப் பக்கமிருந்து பார்த்தால் விரல் நுனிக்கு மேல் ஒரு மில்லிமீட்டர் தெரிந்தால் போதும், ஓரத்தை வழவழப்பாகத் தேய்த்திருக்க வேண்டும். கையைப் பிரிட்ஜ் (கிடார் உடலில் கம்பிகள் கட்டியிருக்கும் கட்டை) பக்கம் வைத்தால் ஒலி மெலிந்து குத்தும், துளைக்கு நேராக வைத்தால் உருண்டு வரும்.

## ட்யூன் செய்தும் கார்ட் சுருதி சேரவில்லை

புதுக் கம்பி என்றால் இழுத்து இழுத்து விட்டு மறுபடி ட்யூன் செய்யுங்கள், ஓரிரு நாள் இறங்கும். கேப்போ மாட்டினால் மாட்டிய பிறகு ஒருமுறை ட்யூன் பாருங்கள். விரல் வெளுக்கும் அளவுக்கு அழுத்தினாலும் சுருதி ஏறும்.

இதெல்லாம் இல்லையென்றால் 12-ஆம் ஃப்ரெட்டில் கம்பியைத் தொட்டும் தொடாமலும் வைத்து எழுப்பும் ஹார்மோனிக் ஒலியையும், அதே இடத்தில் அழுத்தி எழுப்பும் ஒலியையும் ட்யூனரில் ஒப்பிடுங்கள். புதுக் கம்பியிலும் இரண்டும் வேறாக வந்தால் பிரிட்ஜில் கம்பிகள் சாய்ந்திருக்கும் சேடிலைச் சரிசெய்ய வேண்டும். நம்மால் ஆகாது.

## கை வலிக்கிறது

விரல் நுனி எரிச்சல் எல்லாருக்கும் உண்டு, தோல் தடித்ததும் போய்விடும். ஒரேயடியாக ஒரு மணி நேரம் உட்காராமல் பத்துப் பதினைந்து நிமிடமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மணிக்கட்டு வலித்தால் வலது கையும் இடது கையும் எவ்வளவு வளைந்திருக்கின்றன என்று கண்ணாடியில் பாருங்கள்; கிடாரை இடது தொடைக்கு மாற்றி உட்கார்ந்தாலே பலருக்குக் குறையும்.

கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரலில் மரத்துப்போதல், இரவில் கூச்சம், பிடி தளர்தல் என்று இருந்தால் கிடாரை வைத்துவிட்டு டாக்டரைப் பாருங்கள். பழகப் பழகச் சரியாகும் என்று சொல்கிற வலி அல்ல இது.

நுனி வலி மட்டும் மாதக்கணக்கில் தொடர்ந்தால் கம்பியின் உயரத்தை அளக்க வேண்டும். 12-ஆம் ஃப்ரெட்டுக்கு மேல் ஒரு ஸ்கேலை நிறுத்துங்கள். 6-ஆம் கம்பி இரண்டரை மில்லிமீட்டர் சுமாரிலும் 1-ஆம் கம்பி இரண்டு மில்லிமீட்டருக்குள்ளும் இருந்தால் சரி. மூன்றரையைத் தாண்டியிருந்தால் செட்டப் செய்யக் கொடுங்கள். டிரஸ் ராட், நட், சேடில் மூன்றையும் ஒரே தடவையில் பார்த்துவிடச் சொல்லுங்கள், தனித்தனியாகக் கொடுத்தால் செலவு கூடும்.

உயரம் கொஞ்ச நாளில் திடீரென்று ஏறியது என்றால் செட்டப்புக்கு முன் ஒரு சோதனை. பிரிட்ஜின் பின் விளிம்புக்கு அடியில் ஒரு காகிதத்தைச் செருகிப் பாருங்கள். உள்ளே நுழைந்தால் பசை விடுகிறது. வெயிலில் நிறுத்திய காருக்குள் கிடந்த கிடாருக்கு இது வரும். அன்றைக்கே கம்பிகளைத் தளர்த்திவிட்டுப் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். இழுவையில் விட்டுவைத்தால் மேல் பலகையின் மரத்தையும் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். பிரிட்ஜ் ஒட்டியே இருக்கிறது, சேடிலையும் இறக்க இடமில்லை என்றால் கழுத்தைக் கழற்றி மறுபடி பதிக்க வேண்டியிருக்கும். ஒட்டுப் பலகையில் செய்த ஆரம்பநிலை கிடாருக்கு அந்த வேலை கட்டுப்படியாகாது. கூலி எவ்வளவு என்று முதலில் கேட்டுவிட்டு, அதையும் கிடாரின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து முடிவெடுங்கள்.